பிணமாகப் படுக்க ஆள் தேவை

"அக்கா, என்னால சாக முடியாது."

லோகேஸ்வரன் இப்படிச் சொன்னபோது நான் மேடைத் தரையில் மண்டியிட்டு, எந்தப் பொருள் எங்கே வர வேண்டும் என்று வெள்ளை டேப்பால் குறி ஒட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றாமல், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றான். முகத்தில் விளையாட்டு இல்லை.

"என்னாடா சொல்ற? கடைசிக் காட்சியில நீதானே செத்துக் கெடக்கணும்?"

"அதான்க்கா. பாடுறேன். எவ்ளோ வேணும்னாலும் பாடுறேன். படுக்க மட்டும் முடியாது."

எனக்குக் கோபம் வந்தால் முட்டி வலி தெரியாது. சட்டென்று எழுந்துவிட்டேன். நாடகம் மேடையேற இன்னும் சில வாரங்களே இருந்தன. சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. அதில் இவன் படம்தான் பெரிதாக இருந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் சுபாஷினி. பினாங்கில், ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய பங்களாவில் நடக்கும் இசைப்பள்ளியில் மேடை மேலாளர். யார் எப்போது உள்ளே போக வேண்டும், எந்த விளக்கு எப்போது அணைய வேண்டும் என்று காதில் மாட்டிய மைக்கில் உத்தரவு போடுகிறவள். இதற்கு முன்னால் ஒரு ஹோட்டலில் கல்யாண விருந்துகளை நடத்திக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைகளை நேரத்துக்கு மேடையேற்றிப் பழகியவளுக்குப் பாடகர்களெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

எங்கள் பள்ளியில் ஓபரா கற்றுக்கொடுக்கிறார்கள். பாட்டாகவே நடக்கும் நாடகம் அது. பேச்சு கிடையாது, மைக்கும் கிடையாது, தொண்டையும் மூச்சும்தான். பினாங்கில் ஓபரா என்றால் சீனர்களின் பேய் மாதத்தில் தெருவோரக் கொட்டகையில் நடக்கும் கூத்தைத்தான் எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். என்னை ஏற்றிவரும் கிராப் டாக்சி ஓட்டுநர்களில் பாதிப் பேர், "தமிழ்ப் பொம்பளை அங்க என்னா செய்றீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இப்போது சமையல் என்று சொல்லிவிடுகிறேன்.

லோகேஸ் நிபோங் திபாலில், செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அம்மா சிறு வயதிலேயே தவறிவிட்டார். அப்பா சின்னையாதான் வளர்த்தார். இப்போது புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன். ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போய் வருகிறவன். இவனுக்கும் ஓபராவுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும்தான் முதலில் கேட்டேன். தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில் கராவோக்கே போட்டி நடந்திருக்கிறது. இவன் பாடும்போது பாதியில் மைக் செத்துப்போயிற்று. மற்றவனாக இருந்தால் இறங்கியிருப்பான். இவன் நிறுத்தவில்லை. கடைசி மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்களாம். நடுவராகப் போயிருந்த எங்கள் ஆசிரியர் ஒருவர், "இந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய்?" என்று கேட்டிருக்கிறார். "ஓவர்டைம் செய்றேன்" என்று சொல்லியிருக்கிறான் இந்த மனுஷன்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் மாலை வகுப்பு. இயந்திர எண்ணெய் வாசனையோடு வந்து, சுவரில் முதுகை ஒட்டி நின்று மூச்சுப் பயிற்சி செய்வான். மேடையில் எப்போதும் கூட்டத்தில் ஒருவன். படைவீரன், குடிகாரன், கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி. ஒரு தடவை மரமாகக்கூட நின்றான். அதிலும் குறை சொல்ல முடியாத மரம்.

எங்கள் பள்ளியில் பட்டயம் வாங்க வேண்டுமென்றால் ஒரு முக்கியப் பாத்திரத்தை முழுமையாக மேடையில் பாடிக் காட்ட வேண்டும். இந்த ஆண்டுதான் அவனுக்கு அந்த வாய்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு நாடகத்தில் ஆண் குரலுக்குப் பெரிய வேலை இல்லை. அதோடு, வீட்டில் குழந்தை வந்துவிட்டால் மாலை வகுப்புக்கு வர முடியாது என்பது அவனுக்கே தெரியும். மனைவி ஷர்மினிக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஆக, இந்தப் படகோட்டியை விட்டால் வேறு படகு இல்லை.

படகோட்டி என்றது அவன் பாத்திரத்தைத்தான். பள்ளிக்காகவே எழுதப்பட்ட மலாய் நாடகம். கரையிலிருந்து தீவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஒருவன் புயலில் மூழ்கிப்போகிறான். கடைசிக் காட்சியில் அவன் உடலைப் பலகையில் கிடத்தி, வெள்ளைத் துணி போர்த்தி, பெண்கள் சுற்றி நின்று அழுது பாடுகிறார்கள். எல்லோரும் அழுது ஓய்ந்த பிறகு, செத்தவன் துணியை விலக்கி எழுந்து தன் கடைசிப் பாட்டைப் பாடுகிறான். நாடகத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

ஒத்திகையில் அழகாகத்தான் செத்தான். பிரச்சனை எங்கே வந்ததென்றால், இவன் வகுப்புத் தோழன் சதாம் அந்தக் காட்சியைக் கைப்பேசியில் படம் பிடித்து இவனுக்கு அனுப்ப, இவன் பெருமையாக அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். மாமியார் நல்லம்மாள் அதைப் பார்த்தார். மகள் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள். மாப்பிள்ளை வெள்ளைத் துணிக்குள் கிடக்கிறார். சுற்றிலும் பெண்கள் தலையை விரித்துப்போட்டு அழுகிறார்கள். அந்த அம்மாள் கைப்பேசியைத் தூக்கி எறிந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. மனைவி கர்ப்பமாக இருக்கும்போது புருஷன் பாடை தூக்கக்கூடாது, சுடுகாட்டுக்குப் போகக்கூடாது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இவன் பிணமாகவே படுத்துவிட்டான்.

"கெழவி ஏதோ சொல்லுதுன்னு நீ பயந்துட்டியா?" என்றேன். அந்த நேரத்தில் என் வாய் அப்படித்தான் இருந்தது.

"அவங்க சொன்னதுக்கு இல்லக்கா" என்றான். "ஷர்மினியப் பாருங்க ஒரு தடவ."

மறுநாள் ஜெலுத்தோங்குக்குப் போனேன். ஷர்மினி ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். நன்றாகப் படித்தவள், அளந்து பேசுகிறவள். இதற்கு முன்னால் ஒரு பிள்ளை இதே ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சமயத்தில் லோகேஸின் பெரியப்பா இறந்துபோக, ஆள் இல்லாமல் இவன் பாடைக்குத் தோள் கொடுத்திருக்கிறான். டாக்டர் அதற்கு வேறு காரணம் சொன்னார். அதை அவள் எனக்கே விளக்கமாகச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லக்கா. ஆனா பயமா இருக்கு."

நான் சண்டை போடத் தயாராகப் போனவள். நம்பிக்கை என்றால் வாதாடலாம். பயத்தோடு என்ன வாதாடுவது? நல்லம்மாள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இயக்குநர் மிஸ் இயோவிடம் போய்ச் சொன்னேன். வெளிநாட்டில் படித்து வந்தவர், பாடகர்கள் கண்ணிமைப்பதைக்கூடக் கணக்கு வைப்பவர். முதலில் முடியாது என்றார். இது கலை, இங்கே மூடநம்பிக்கைக்கு இடமில்லை என்று ஒரு பிரசங்கமே நடந்தது. பிறகு ஷர்மினியின் முதல் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். பிரசங்கம் அதோடு நின்றது. கடைசியில் ஒரு வழி சொன்னார். உடலாக வேறு ஒருவர் படுக்கட்டும். லோகேஸ்வரன் ஆவியாகப் பின்னாலிருந்து வந்து, தன் உடலைத் தானே பார்த்துப் பாடட்டும். நன்றாகக்கூட இருக்கும் என்றார்.

"யாராவது ஒருத்தரைப் படுக்கச் சொல்லுங்கள். இதில் பாட்டுக்கூட இல்லை, சும்மா படுப்பதுதானே" என்றார்.

சும்மா படுப்பதுதான். ஆனால் பினாங்கு முழுக்கத் தேடியும் அதற்கு ஆள் கிடைக்கவில்லை.

முதலில் சதாமைக் கேட்டேன். அவன் உடனே சரியென்றான். சாயங்காலமே அவன் அம்மா ஹாஜராவின் அழைப்பு வந்தது. "அடுத்த மாசம் புள்ளைக்கு நிக்காஹ் வச்சிருக்கோம் சுபா. நடிப்புன்னாலும் அது நாமளே சாவக் கேட்டு துஆ செஞ்ச மாதிரி ஆயிடும் லா. வேற ஆளப் பாரு." ஒரு சீன மாணவனுக்கு அந்த வருடம் ராசிப்படி ஆகாத வருடம், அவன் சவ ஊர்வலம் எதிரே வந்தால்கூட வேறு தெருவில் திரும்பிப் போய்விடுவானாம். மலாய் மாணவன் ஹஸ்ருலுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை, ஆனால் அந்தக் காட்சியில் ஊர்த்தலைவராக நின்று பாட வேண்டியவனே அவன்தான். பியானோ வாசிப்பவர் படுத்துவிட்டால் யார் வாசிப்பது? காவலாளியைக் கேட்டேன். அவர் மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டார்.

மிஸ் இயோவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தனை பேர் இருக்கிறீர்கள், சாவதற்கு ஒருவர் இல்லையா? நானே படுக்கிறேன். முகத்தைத் துணியால் மூடிவிடுங்கள்" என்றார். எல்லோரும் கை தட்டினோம். அடுத்த நாள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன்" என்றார். மூடநம்பிக்கை என்ற சொல்லைப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

சதாம் தன் பங்குக்கு ஒரு வேலை செய்தான். லிட்டில் இந்தியாவில் மாமா நடத்தும் துணிக்கடையிலிருந்து ஒரு பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஷெர்வானி போட்டு வாசலில் நிற்க வைக்கும் பொம்மை. ஒரு கையை இடுப்பில் வைத்துத்தான் அது செய்யப்பட்டிருந்தது. பலகையில் கிடத்தினால் இடுப்பில் கை வைத்தபடி செத்துக் கிடந்தது. அழ வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு மேடையை விட்டே ஓடிவிட்டார்கள். லோகேஸ் மட்டும் சிரிக்கவில்லை. ஓரத்தில் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விட்டுடலாங்க்கா" என்றான். "வேற யாருக்காச்சும் இந்த ரோலக் குடுத்துடுங்க. மரமாவே இருந்துட்டுப் போறேன்."

அந்த நேரத்தில்தான் சின்னையா உள்ளே வந்தார். மருமகளுக்காக முருங்கைக்கீரையும் மங்குஸ்தீனும் எடுத்துக்கொண்டு நிபோங் திபாலிலிருந்து வந்தவர், மகனோடு சேர்ந்து வீட்டுக்குப் போகலாமென்று பள்ளிக்கு வந்திருக்கிறார். மகன் பாடி அவர் ஒரு தடவையும் கேட்டதில்லை. மனத்தாங்கல் ஒன்றுமில்லை. அவன் பாட்டு தனக்குப் புரியாது, புரியாத இடத்தில் போய் எதற்கு உட்கார வேண்டும் என்பது அவர் கணக்கு. பொம்மையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், என்ன விஷயம் என்று கேட்டார். நான் சொன்னேன்.

"இவ்ளோதானா? நான் படுக்குறேன்" என்றார்.

"அப்பா, வேணாம்" என்றான் லோகேஸ்.

"ஏன் வேணாம்? எனக்கு என்னா புள்ளையா பொறக்கப் போவுது? நிக்காஹா வச்சிருக்கு? எனக்கு ஆகாதது, கூடாதது, பந்தாங்கு ஒண்ணும் இல்லடா." பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பாட்டுக்குப் பலகையில் ஏறிப் படுத்துக்கொண்டார். அப்பனும் மகனும் ஒரே உயரம், ஒரே மூக்கு. மிஸ் இயோ பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். படகோட்டி இளைஞனாயிற்றே என்று நான் இழுத்தேன். "கடலில் கிடந்த உடம்புக்கு வயது தெரியாது" என்று சொல்லிவிட்டார்.

சின்னையாவை வைத்து ஒத்திகை நடத்தியதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. யாரோ ஒரு கெட்டிக்காரப் பிள்ளை, நிஜமாக இருக்க வேண்டுமென்று அவருடைய கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டப் போனது. சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். "அது மட்டும் வேணாம் தாயி. நான் எந்திரிச்சு வீட்டுக்கு நடக்கணும்" என்றார். கட்டவில்லை. படுத்த கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டார். பெண்கள் உருகி உருகி அழ, அழப்படுகிறவர் கொதிகலன் மாதிரி ஓசை எழுப்பினார். குறட்டை நின்றால் வயிறு ஏறி இறங்கியது. "பிணம் மூச்சு விடுகிறது!" என்று மிஸ் இயோ கத்துவார். கடைசியில் லோகேஸே அப்பாவுக்கு மூச்சுப் பாடம் எடுத்தான். ஐந்து வருடமாக அவன் கற்றது மூச்சை வயிற்றுக்குள் நிறைப்பது. அப்பாவுக்கு அதை நேர் எதிராகச் சொல்லிக்கொடுத்தான்: வயிறு அசையாமல், நெஞ்சின் மேல்பக்கமாக, துளித் துளியாக. சின்னையா சிரத்தையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, படுத்ததும் பழையபடி தூங்கிவிட்டார்.

இதில் எனக்கு ஒன்று புரியாமல் இருந்தது. அப்பா குறட்டை விடும் ஒவ்வொரு தடவையும் லோகேஸ் பிரமாதமாகப் பாடினான். தொந்தரவாக இல்லையா என்று கேட்டேன். "இல்லக்கா, நல்லாதான் இருக்கு" என்று மட்டும் சொன்னான்.

மிஸ் இயோ அவனுக்கு ஒரே ஒரு கண்டிப்பான உத்தரவு போட்டிருந்தார். ஆவி உடலைத் தொடக்கூடாது. தொட்டால் உயிர் திரும்ப வரப்போகிறது என்று பார்ப்பவர்கள் நினைத்துவிடுவார்கள். பலகையிலிருந்து தள்ளி நான் டேப்பால் குறி ஒட்டினேன். அங்கிருந்துதான் கடைசிப் பாட்டு.

முதல் காட்சி நாளில் மண்டபம் நிறைந்துவிட்டது. ஷர்மினியை உள்ளே உட்கார வைக்க நல்லம்மாள் சம்மதிக்கவில்லை. இருவரும் வெளிக்கூடத்தில், ஒலிபெருக்கிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பாட்டு அங்கே கேட்கும். சின்னையாவுக்கு நல்லம்மாள் ஒரு கட்டளை சொல்லி அனுப்பினார்: "முடிஞ்சு எந்திரிச்ச ஒடனே நல்லா வாய்விட்டுச் சிரிச்சிடணும், சம்மந்தி. அப்பதான் தோஷம் நிக்காது." சரியென்றார். அவர் தூங்கிவிடக்கூடாதென்று நான் பால் சேர்க்காமல், கெட்டியாக ஒரு கோப்பி ஓ வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கோப்பிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கடைசிக் காட்சி. ஈரத் துணி போர்த்திய உடலைத் தூக்கி வந்து கிடத்தினார்கள். முகத்தில் நீலம் பூசியிருந்தது. கண் மூடியிருந்தது. கோப்பியின் தயவால் குறட்டை இல்லை. மகன் சொல்லிக்கொடுத்த பாடம் அன்றைக்கென்று பலித்துவிட்டது. வயிறு அசையவில்லை, நெஞ்சு அசையவில்லை. பெண்கள் அழுது முடித்தார்கள். ஹஸ்ருல் தன் வரிகளைப் பாடிவிட்டுத் தள்ளி நின்றான். நான் மைக்கில் சொன்னேன், நீல விளக்கு வந்தது, லோகேஸ் பின்னாலிருந்து நடந்து வந்தான்.

குறியில் வந்து நின்றான். பியானோ அவன் எடுக்க வேண்டிய இடத்துக்கு வந்தது. அவன் எடுக்கவில்லை.

அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பியானோ வாசிப்பவர் அனுபவசாலி, அதே வரியைத் திரும்ப வாசித்தார். அப்போதும் பாடவில்லை. பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்ற எனக்கு அவன் முகம் நன்றாகத் தெரிந்தது. அது நடிப்பில்லை. பெண்டாட்டிக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது, பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று தான் படுக்க வேண்டிய இடத்தில் அப்பாவைப் படுக்க வைத்தவன், அப்போதுதான் தன் எதிரே என்ன கிடக்கிறது என்று பார்த்திருக்கிறான். ஒத்திகை முழுக்க அந்தக் குறட்டையைக் காதில் வைத்துக்கொண்டே பாடியவனுக்கு இன்றைக்கு ஓசையே இல்லை. வயதான மனுஷன், வெறும் வயிற்றில் கெட்டிக் கோப்பி. நான் மைக்கில் விளக்கை அணை என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

மூன்றாவது தடவை பியானோ வந்தபோது பாட ஆரம்பித்தான். பாடிக்கொண்டே குறியை விட்டு நடந்தான். "போகாதே, போகாதே" என்று நான் பல்லைக் கடித்தேன். பலகையின் அந்தப் பக்கம் போய் மண்டியிட்டான். தொடக்கூடாத உடலின் நெஞ்சின் மேல் கையை வைத்தான். குரல் மிகவும் தணிந்திருந்தது, ஆனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அவன் குரலை நான் ஐந்து வருடமாகக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு தடவையும் கேட்டதில்லை.

பார்வையாளர்களுக்குத் தெரியாத பக்கமாக, ஈரத் துணிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. மகனுடைய விரல் ஒன்றைப் பிடித்து அழுத்திவிட்டு உள்ளே போய்விட்டது.

லோகேஸ் எழுந்து நின்றான். மூச்சை இழுத்தான். மீதிப் பாட்டைப் பாடிய விதத்தை நான் எழுதி விளக்க முடியாது. உத்தரவு கொடுக்க வேண்டிய நேரத்தில் நான் கொடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். விளக்குப் பையன்கள் தாங்களாகவே அணைத்தார்கள், திரையும் மூடியது.

இருட்டில் ஓடிப்போய்ப் பார்த்தேன். சின்னையா எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், நீலமெல்லாம் துணியில் அப்பியிருந்தது.

"ஏண்டா வந்து தொட்ட? தொடக்கூடாதுன்னு அந்த மிஸ் எத்தனை வாட்டி சொன்னாங்க!"

"மூச்சே தெரியலப்பா."

"நடிச்சேன்டா" என்றார் சின்னையா.

லோகேஸ் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். வெளியே கைதட்டல் நிற்கவில்லை. எல்லோரையும் நேரத்துக்கு விரட்டுகிற நான் அன்றைக்குத் திரையைத் திறக்காமல் வைத்திருந்தேன். அவன் எழுந்த பிறகுதான் திறக்கச் சொன்னேன். வணக்கம் சொல்ல எல்லோரும் வரிசையாக நின்றபோது, சின்னையாவுக்குச் சம்மந்தியின் கட்டளை நினைவுக்கு வந்துவிட்டது. முன்னால் வந்து, இருக்கிற பல்லெல்லாம் தெரிய, வாய்விட்டுச் சிரித்தார். என்ன ஏது என்று தெரியாமல் மண்டபமே சேர்ந்து சிரித்தது.

வெளிக்கூடத்தில் நல்லம்மாள் எலுமிச்சையோடு காத்திருந்தார். கற்பூரம் கொளுத்தக் கூடாதென்று காவலாளி தடுத்ததால் பழத்தை மட்டும் சின்னையாவின் தலையைச் சுற்றிப் பிழிந்தெறிந்தார். ஷர்மினி லோகேஸிடம் கேட்டாள்: "நடுவுல ஏன் பாட்டு வரல? நான் எந்திரிச்சே நின்னுட்டேன்."

"பயமா இருக்குன்னு அன்னிக்குச் சொன்னியே, ஷர்மி" என்றான். "நான் சரின்னு கேட்டுக்கிட்டேன். ஆனா எனக்கு ஒண்ணும் புரியல. இன்னிக்குத்தான் புரிஞ்சுச்சு." அவள் அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். நான் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தேன், ஆனால் பார்த்தேன்.

மிஸ் இயோ திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் வந்து, அந்த மண்டியிடலை மறுநாளும் அப்படியே வைத்துக்கொள் என்றார். மறுநாளும் வைத்துக்கொண்டான். ஆனால் அதற்கு அவசியமே இருக்கவில்லை. மகன் நீல விளக்குக்குள் அடியெடுத்து வைத்த உடனே, துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டாத கால் கட்டைவிரல் ஒரு தடவை மேலும் கீழும் ஆடியது. முன்வரிசையில் யாராவது பார்த்திருப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நான் விட்டுவிட்டேன்.

பட்டயம் கிடைத்தது. பெண் குழந்தையும் நல்லபடியாகப் பிறந்தது. பிள்ளையைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெலுத்தோங்குக்குப் போயிருந்தேன். ஷர்மினி என்னிடம் புகார் சொன்னாள்: "தூங்குற புள்ளைய நிம்மதியா விட மாட்டேங்குறாருக்கா. சும்மா சும்மா போய் நெஞ்சுல கைய வச்சுப் பாக்குறாரு." சொல்லிக்கொண்டிருக்கும்போதே லோகேஸ் தொட்டில் பக்கம் குனிந்து, மூச்சுக்கூட விடாமல், அந்தச் சின்ன நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தான். நாற்காலியில் உட்கார்ந்து மங்குஸ்தீன் உரித்துக்கொண்டிருந்த சின்னையா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"அது நடிக்கலடா. தூங்குது."